பள்ளிவாசல் ஒப்பந்தம்: ஆட்சி மாறினால் மாறும் அளவுகோல்

கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் வட்டத்தில், மூணாறிலிருந்து அடிமாலி செல்லும் மலைச்சாலையில் இருக்கிறது பள்ளிவாசல். தேயிலைத் தோட்டங்களும் ஏலக்காடுகளும் சந்திக்கும் இந்தக் கிராமத்துக்குக் கேரள வரலாற்றில் இரண்டு வகையில் இடம் உண்டு. மாநிலத்தின் முதல் நீர்மின் நிலையம் இங்கேதான் எழுந்தது. அந்த நிலையத்தைப் புதுப்பிக்கப் போட்ட ஒப்பந்தம்தான் மாநில அரசியலில் மிக நீண்ட ஊழல் வழக்குகளில் ஒன்றாக வளர்ந்தது. அதே கிராமத்தைச் சுற்றி நிலத்தகராறும் உண்டு. அதுவும் அந்த வழக்கும் வேறு வேறு சட்டங்களின் கீழ் வருபவை. ஆனாலும் இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

மின்நிலையம்

மூணாறில் முதிரப்புழை ஆற்றைத் தடுத்து, சுரங்கப்பாதை வழியாக மலை விளிம்புக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இரும்புக் குழாய்களில் சுமார் 600 மீட்டர் கீழே விழவைத்து மின்சாரம் எடுப்பது பள்ளிவாசல் திட்டம். திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மா காலத்தில், திவான் சி.பி. ராமசாமி ஐயர் முன்னின்று நடத்திய திட்டம் இது. 1940 மார்ச்சில் முதல் கட்டம் ஓடத் தொடங்கியது. மின்நிலையத்தை ஒட்டிய ஊர் மன்னர் பெயரால் சித்திரபுரம் ஆனது. மூணாறில் ஆற்றைத் தடுக்கும் தலைமதகு திவான் பெயரைப் பெற்றது. ஆலுவா வட்டாரத்தில் 1940களில் வந்த அலுமினியம், உரத் தொழிற்சாலைகள் எல்லாம் இந்த மின்சாரத்தை நம்பி வந்தவையே.

பின்னால் இயந்திரங்கள் கூட்டப்பட்டு நிலையத்தின் திறன் 37.5 மெகாவாட் ஆனது. பள்ளிவாசலில் சுழலிகளைச் சுழற்றிவிட்டு வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல், இறைத்து செங்குளம் நீர்த்தேக்கத்தில் ஏற்றி, 1954இல் செங்குளம் நிலையம் அமைத்தார்கள். அது 48 மெகாவாட். 1963இல் பன்னியாறு நிலையம் 30 மெகாவாட் திறனோடு வந்தது. ஒரே மலைச்சரிவின் தண்ணீரை நம்பிய இந்த மூன்றும் சேர்ந்து 115.5 மெகாவாட். 1990களில் மூன்றும் வயதாகிவிட்டன. கேரளத்தில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. பழைய நிலையங்களைப் புதுப்பித்தால் புது அணை கட்டாமலே மின்சாரத்தைத் தக்கவைக்கலாம் என்ற யோசனை பிறந்தது இந்தச் சூழலில்தான்.

இரண்டு ஆட்சி, ஒரே ஒப்பந்தம்

1995 ஆகஸ்ட் 10 அன்று கேரள மாநில மின்வாரியம் கனடாவின் எஸ்என்சி லாவலின் நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. அப்போது ஆண்டது ஏ.கே. ஆண்டனி தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணி. மின்துறை காங்கிரஸின் ஜி. கார்த்திகேயனிடம் இருந்தது. உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரப்படவில்லை. 1996 பிப்ரவரி 24 அன்று, சட்டமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஆலோசனை ஒப்பந்தம் கையெழுத்தானது.

மே மாதம் ஆட்சி மாறியது. இ.கே. நாயனார் தலைமையிலான இடதுசாரி ஜனநாயக முன்னணி அரசில் பினராயி விஜயன் மின்துறை அமைச்சரானார். முந்தைய அரசு தொடங்கி வைத்ததை புது அரசு கைவிடவில்லை. 1997 பிப்ரவரி 10 அன்று ஆலோசனை ஒப்பந்தம் உபகரணங்கள் வழங்கும் ஒப்பந்தமாக விரிந்தது. 1998 ஜூலையில் மேலும் திருத்தம் வந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர் இ. பாலானந்தன் தலைமையில் மின்துறையை ஆராய அமைக்கப்பட்டிருந்த குழுவின் பரிந்துரையை மீறி இது நடந்தது என்று பின்னாளில் சிபிஐ வாதிட்டது. கனடாவின் ஏற்றுமதிக் கடன் நிறுவனம் பணம் தர, உபகரணங்கள் கனடாவிலிருந்து வந்தன. லாவலின் உபகரணங்கள் செய்யும் நிறுவனம் அல்ல. பிறரிடம் வாங்கித் தருகிற ஆலோசனை நிறுவனம். விலையை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாத ஒப்பந்தம் என்ற குறை எழுந்தது இதனால்தான்.

ஒப்பந்தத்தோடு ஒரு வாக்குறுதியும் வந்தது. கண்ணூர் மாவட்டம் தலச்சேரியில் மலபார் புற்றுநோய் மையம் கட்ட ரூ. 98.30 கோடி நிதி திரட்டித் தருவதாக லாவலின் ஒத்துக்கொண்டது. வந்து சேர்ந்தது சுமார் ரூ. 12 கோடிதான். மீதிக்காக அந்த நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் உரிய காலத்தில் போடப்படவில்லை. இந்த நிதிக்கான புரிந்துணர்வு ஒப்பந்தமும் காலாவதியாகிவிட்டது. காலாவதியானபோது ஆண்டது மறுபடியும் ஐக்கிய முன்னணி. தொடக்கம், நடு, முடிவு என எந்தக் கட்டத்தை எடுத்தாலும் ஏதோ ஒரு முன்னணியின் கையெழுத்தோ அசட்டையோ அதில் இருக்கிறது.

விசாரணை கைமாறிய விதம்

புதுப்பிப்பு வேலைக்கு ரூ. 374.50 கோடி செலவாகியும் அதற்கேற்ற பலன் கிடைக்கவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை கொடுத்தார். மாநில விஜிலன்ஸும் ஏற்கெனவே விசாரித்துக்கொண்டிருந்தது. 2006 மார்ச் 1 அன்று உம்மன் சாண்டி அமைச்சரவை வழக்கை சிபிஐயிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. சட்டமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. ஐந்து ஆண்டுகள் ஆட்சியில் இருந்த முன்னணிக்கு சிபிஐ விசாரணையின் தேவை கடைசிக் காலத்தில்தான் தெரிந்தது.

தேர்தலில் இடது முன்னணி வென்றது. வி.எஸ். அச்சுதானந்தன் முதல்வரானார். அந்த ஆண்டின் இறுதியில், சிபிஐ விசாரணை தேவையில்லை என்று புது அரசு நிலைப்பாடு எடுத்தது. முந்தைய அரசு சொன்னதை அரசு என்ற அமைப்பே மறுத்தது. ஒப்பந்தத்தின் உண்மைகள் அப்படியே இருந்தன, ஆள்பவர்கள் மட்டும் மாறியிருந்தார்கள். பொதுநல மனுக்கள் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2007 ஜனவரி 16 அன்று நீதிமன்றம் சிபிஐ விசாரிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

அதன் பிறகு கட்சிக்குள்ளும் விரிசல் வெளிப்பட்டது. முதல்வர் அச்சுதானந்தனும் மாநிலச் செயலாளர் பினராயி விஜயனும் வெளிப்படையாக மோதிக்கொண்டதால் 2007 மே மாதம் இருவரையும் அரசியல் தலைமைக் குழுவிலிருந்து மார்க்சிஸ்ட் கட்சி இடைநீக்கம் செய்தது. வழக்கு அரசியல் பழிவாங்கல் என்பது கட்சியின் அதிகாரபூர்வ நிலை. சட்டப்படி நடக்கட்டும் என்ற பக்கம் அச்சுதானந்தன் சாய்ந்தார். 2009 ஜூலையில் அவர் அந்தக் குழுவிலிருந்தே நீக்கப்பட்டார்.

அனுமதி யார் கையில்

பதவியில் இருந்தபோது செய்த செயலுக்காக அமைச்சர் ஒருவர் மீது வழக்கு நடத்த, அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவின்படி முன் அனுமதி வேண்டியிருந்தது. கேரளத்தில் அதைத் தர வேண்டியவர் ஆளுநர்; வழக்கமாக அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பார். அதாவது ஓர் அமைச்சர் மீதான வழக்கை அவருடைய சகாக்களே அனுமதிக்க வேண்டும். 2009 மே மாதம், அட்வகேட் ஜெனரலின் கருத்தை முன்வைத்து, பினராயி விஜயன் மீது வழக்குத் தொடர அனுமதி வேண்டாம் என்று கேரள அமைச்சரவை ஆளுநருக்கு ஆலோசனை சொன்னது. ஜூன் 7 அன்று ஆளுநர் ஆர்.எஸ். கவாய் அதை ஏற்காமல் அனுமதி வழங்கினார். அமைச்சரவை தன் ஆட்களைப் பற்றியே முடிவெடுக்கும்போது ஆளுநர் சொந்த விருப்பப்படி முடிவெடுக்கலாம் என்று, மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் 2004இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்த தீர்ப்பு அவருக்குத் துணை நின்றது. அதே மாதம் சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

ஒப்பந்தத்தைத் தொடங்கிய கார்த்திகேயன் குற்றம்சாட்டப்பட்டவர் பட்டியலில் இல்லை. இதை இடது முன்னணி சுட்டிக்காட்டியதில் நியாயம் இருந்தது. 2013 நவம்பர் 5 அன்று திருவனந்தபுரம் சிபிஐ நீதிமன்றம் பினராயி விஜயனையும் மற்றவர்களையும் விசாரணைக்கு முன்பே விடுவித்தது. 2017 ஆகஸ்ட் 23 அன்று உயர் நீதிமன்றம், அப்போது முதல்வராக இருந்த பினராயி விஜயனையும் மின்துறையின் இரண்டு முன்னாள் செயலக அதிகாரிகளையும் விடுவித்தது சரி என்றது. பல அமைச்சர்கள் கையாண்ட ஒரு கோப்பில் ஒருவரை மட்டும் சிபிஐ தேர்ந்தெடுத்துக் குறிவைத்தது என்று அந்தத் தீர்ப்பு குறை சொன்னது. ஆனால் மின்வாரியத்தின் முன்னாள் உயர் அதிகாரிகள் மூவர் விசாரணையைச் சந்திக்க வேண்டும் என்றும் அது உத்தரவிட்டது.

விளைவு விசித்திரமானது. கொள்கை முடிவெடுத்த இரண்டு அரசுகளின் அமைச்சர்கள் யாரும் குற்றவாளிக் கூண்டில் இல்லை. அந்த முடிவைக் கோப்பில் நிறைவேற்றிய அதிகாரிகள் இருந்தார்கள். சிபிஐயும் உச்ச நீதிமன்றம் போனது. அந்த அதிகாரிகளும் போனார்கள். 2018 ஜனவரியில் நோட்டீஸ் அனுப்பப்பட்டு, அதிகாரிகள் மீதான விசாரணைக்குத் தடை வந்தது. அதற்குப் பின் வழக்கு முப்பது தடவைக்கு மேல் தள்ளிவைக்கப்பட்டது. பல தடவை தள்ளிவைக்கக் கேட்டது, மேல்முறையீடு செய்த சிபிஐ தரப்பேதான். மாநிலத்தில் இடது முன்னணியையும் மத்தியில் பாஜகவையும் ஒரே சமயத்தில் எதிர்க்கும் காங்கிரஸ் இதை மறைமுக உடன்பாடு என்றது. இரண்டு தரப்பும் மறுத்தன.

இடமலையாறு: முன்னால் வந்த வழக்கு

மின்துறை ஊழல் வழக்கில் கேரளம் ஒரு முன்னாள் அமைச்சரைச் சிறைக்கு அனுப்பியதும் உண்டு. பெரியாற்றின் இன்னொரு கிளையான இடமலையாற்றில் அணைத் திட்டத்தின் சுரங்க வேலையைக் கூடுதல் விலைக்கு ஒப்படைத்ததாக, 1980களில் மின்துறை அமைச்சராக இருந்த ஆர். பாலகிருஷ்ண பிள்ளை மீது வழக்கு. 1999இல் தனி நீதிமன்றம் ஐந்தாண்டு தண்டனை விதித்தது. 2003இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அப்போது ஆட்சியில் இருந்தது பிள்ளையின் கட்சி அங்கம் வகித்த ஐக்கிய முன்னணி. அரசு மேல்முறையீடு செய்யவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் அச்சுதானந்தன் தனிமனிதராக உச்ச நீதிமன்றம் போனார். 2011 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் பிள்ளைக்கு ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது.

சில மாதங்களில் ஐக்கிய முன்னணி மறுபடி ஆட்சிக்கு வந்தது. பிள்ளையின் மகன் கே.பி. கணேஷ்குமார் அமைச்சர். தண்டனைக் காலத்தின் பெரும்பகுதி பரோலிலும் தனியார் மருத்துவமனையிலும் கழிந்தது. 2011 நவம்பரில் கேரளப் பிறவி நாளையொட்டிய தண்டனைக் குறைப்பில் அவர் விடுதலையானார். இடது முன்னணி கொதித்தது. பிறகு பிள்ளை ஐக்கிய முன்னணியை விட்டு வெளியேறினார். 2017இல் பினராயி விஜயன் அரசு அவரை முன்னேறிய சாதியினர் நலக் கழகத்தின் தலைவராக, அமைச்சரவைத் தகுதியோடு நியமித்தது. உச்ச நீதிமன்றம் விதித்த தண்டனை மாறவில்லை. அவர் நின்ற அணி மாறியதும் அந்தத் தண்டனைக்குக் கொடுக்கப்பட்ட எடை மாறியது.

அதே மலையில் நிலம்

பள்ளிவாசலையும் சுற்றுவட்டார ஊர்களையும் நிலச் சட்டம் சோதித்த கதையும் இதே போக்கைக் காட்டுகிறது. 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ குத்தகையாக வாங்கிய கண்ணன் தேவன் மலைகள், பின்னர் தேயிலைக் கம்பெனியின் கைக்கு வந்தன. 1971இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டம் கொண்டுவந்தது; அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. தோட்டத்துக்குத் தேவையான சுமார் 57,000 ஏக்கரை கம்பெனிக்கு விட்டுவிட்டு, சுமார் 70,000 ஏக்கர் அரசுக்கு வந்தது. உழைக்கும் மக்களுக்குப் பகிர்ந்து தருவதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

அந்த நோக்கம் வெகுகாலம் காகிதத்திலேயே இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்து கொழுந்து பறித்த குடும்பங்கள் எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயங்களிலேயே இருந்தன. வேலை முடிந்தால் லயமும் போய்விடும். 2020 ஆகஸ்ட் 6 இரவு இதே மலைப்பகுதியின் பெட்டிமுடியில் லயங்கள் மேல் மண் சரிந்து 70 பேர் இறந்தபோதுதான் சொந்த நிலமில்லாத அந்த வாழ்க்கை வெளியுலகின் கண்ணில் பட்டது. இதற்கிடையில் மலையில் சுற்றுலா விடுதிகள் முளைத்தன. 1999இல், நாயனார் ஆட்சியில், தேவிகுளத்தில் கூடுதல் தாசில்தார் பொறுப்பில் இருந்த எம்.ஐ. ரவீந்திரன் கொடுத்த 530 பட்டாக்கள் ‘ரவீந்திரன் பட்டா’ என்றே பெயர் பெற்றன. பட்டா கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை என்பது பின்னால் வந்த குற்றச்சாட்டு. 2022 ஜனவரியில் அவற்றை ரத்து செய்ய அரசு உத்தரவிட்டது. மூணாறில் கட்சி அலுவலகம் இருந்த நிலமும் அந்தப் பட்டாக்களில் அடக்கம் என்பதால் மார்க்சிஸ்ட் தலைவர் எம்.எம். மணி உத்தரவைக் கடுமையாக எதிர்த்தார்.

2007 மே மாதம் முதல்வர் அச்சுதானந்தன் மூன்று அதிகாரிகளை அனுப்பி ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடிக்கத் தொடங்கினார். மலையாளப் பத்திரிகைகள் அவர்களை ‘மூன்று பூனைகள்’ என்றன. தனியார் விடுதிகள் இடிந்தபோது பெரிய எதிர்ப்பு எழவில்லை. கூட்டணிக் கட்சியான இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் மூணாறு அலுவலகத்தைத் தொட்டதும் முன்னணிக்குள் புயல் வீசியது. நடவடிக்கை சில வாரங்களில் வேகமிழந்தது. சில விடுதிகளை இடித்ததில் உரிய நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று 2014இல் உயர் நீதிமன்றம் சொன்னது. இடித்தவர்களும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

2010 முதல் மூணாறு வட்டாரத்தில் எந்தக் கட்டடத்துக்கும் வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். பள்ளிவாசல், சின்னக்கானல், சாந்தன்பாறை, பைசன்வேலி உள்ளிட்ட எட்டுக் கிராமங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு வந்தது. சாதாரணக் குடும்பம் வீட்டுக்கு ஓர் அறை கூட்டக்கூட இந்தச் சான்றுக்கு அலைய வேண்டும். சாந்தன்பாறையிலும் பைசன்வேலியிலும் மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகங்கள் அந்தச் சான்றில்லாமல் எழுவதாக மனு வந்து, 2023 ஆகஸ்ட் 22 அன்று வேலையை நிறுத்த உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்று இரவே சாந்தன்பாறைக் கட்டடத்தில் வேலை தொடர்ந்தது. நீதிமன்றம் கோபம் கொண்டு, மறு உத்தரவு வரும்வரை கட்டடத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றது. அதே காலத்தில் சின்னக்கானலில் காங்கிரஸ் எம்எல்ஏ மாத்யூ குழல்நாடன் வாங்கிய சொத்தில் அரசு நிலம் சேர்ந்திருப்பதாக ஆளும் கட்சி புகார் சொன்னது. விஜிலன்ஸ் விசாரித்து, 2024இல் வழக்குப் பதிந்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். ஆளுக்கொரு புகாரைக் கையில் வைத்திருந்த இரண்டு அணிகளும், விவசாயத்துக்கும் வீட்டுக்கும் கொடுத்த நிலத்தில் வேறு கட்டடம் கட்டியதை முறைப்படுத்த வழிசெய்யும் நில ஒதுக்கீட்டுத் திருத்தச் சட்டத்தை 2023 செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேற்றின. ஆளுநர் 2024 ஏப்ரலில் ஒப்புதல் தந்தார்.

சட்டத்தின் பற்கள்

பொறுப்பைக் கேட்கும் அமைப்புகளுக்கும் இதே கதி. அமைச்சர் குற்றவாளி என்று லோக் ஆயுக்தா சொன்னால் பதவி விலக வேண்டும் என்ற கேரளச் சட்டத்தை 1999இல் கொண்டுவந்தது நாயனாரின் இடது முன்னணி அரசு. 2021 ஏப்ரலில் அமைச்சர் கே.டி. ஜலீல் அந்தச் சட்டத்தின் கீழ்ப் பதவி இழந்தார். 2022 ஆகஸ்டில், மறுபடி இடது முன்னணி ஆட்சியிலேயே, அந்தப் பிரிவை மாற்றும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது: முதல்வர் விஷயத்தில் சட்டமன்றமும் அமைச்சர் விஷயத்தில் முதல்வரும் இறுதி முடிவெடுக்கலாம் என்றானது. எதிர்க்கட்சியில் இருக்கும்போது சிபிஐ வேண்டும் என்று கேட்ட இடது முன்னணி, ஆட்சியில் இருக்கும்போது 2020 நவம்பரில் சிபிஐக்குத் தந்திருந்த பொது அனுமதியைத் திரும்பப் பெற்றது. மத்தியில் ஆளும் கட்சி சிபிஐயை அரசியலுக்குப் பயன்படுத்துகிறது என்பது அதற்குச் சொன்ன காரணம். காங்கிரஸ் ஆண்ட ராஜஸ்தான், சத்தீஸ்கர் உள்ளிட்ட மாநிலங்களும் அப்படித்தான் செய்தன.

ஒப்பந்தத்தின் மறுமுனையில் இருந்த கனடாவிலும் ஆள்வோர் வழக்கில் தலையிடுவது நடந்தது. வங்கதேசத்தின் பத்மா பாலத் திட்டம் தொடர்பாக 2013இல் உலக வங்கி லாவலின் துணை நிறுவனத்தைப் பத்தாண்டு விலக்கி வைத்தது. லிபியா லஞ்ச வழக்கில் அந்த நிறுவனம் குற்ற விசாரணையைத் தவிர்க்கும் உடன்பாட்டைப் பெற வேண்டும் என்று பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ தரப்பு அழுத்தம் கொடுத்தது. அதற்கு இணங்காத சட்ட அமைச்சர் ஜோடி வில்சன்-ரேபோல்ட் வேறு துறைக்கு மாற்றப்பட்டார். 2019 ஆகஸ்டில் நெறிமுறை ஆணையர் ட்ரூடோ சட்டத்தை மீறினார் என்று அறிக்கை தந்தார். டிசம்பரில் லாவலினின் கட்டுமானப் பிரிவு குற்றத்தை ஒப்புக்கொண்டு 28 கோடி கனடிய டாலர் அபராதம் கட்டியது. அங்கேயும் ஆள்வோர் வழக்கைத் தடுக்கப் பார்த்தார்கள். ஆனால் வழக்குத் தொடரும் தலைமை வழக்குரைஞர் அமைச்சரவையின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் வழக்கு நின்றுபோகவில்லை.

பள்ளிவாசல் வழக்கில் எந்த நீதிமன்றமும் எந்த அமைச்சரையும் குற்றவாளி என்று தீர்மானிக்கவில்லை. முழு விசாரணையே நடக்காததால் சாட்சியங்கள் எடைபோடப்படவும் இல்லை. இந்த மலையில் மின் ஒப்பந்தத்திலும் நிலத்திலும் திரும்பத் திரும்ப நடந்தது இதுதான்: விசாரணைக்கு உத்தரவிடுவது, வழக்குத் தொடர அனுமதிப்பது, தோற்றால் மேல்முறையீடு செய்வது ஆகிய மூன்று அதிகாரங்களும் ஆட்சியில் இருப்பவர்களிடம் இருந்தன, ஒவ்வொரு முன்னணியும் எதிர்க்கட்சியாக இருந்தபோது அவற்றைப் பயன்படுத்தக் கோரியது, ஆட்சிக்கு வந்ததும் தன்னவர்களுக்காக அவற்றை அடக்கி வைத்தது. ஆள்பவர்களின் ஆட்கள் மீதான வழக்கு முன்னேறிய ஒவ்வொரு தடவையும், ஆட்சியின் கை எட்டாத ஒருவரே அதை நகர்த்தினார்: 2007இல் உயர் நீதிமன்றம், 2009இல் ஆளுநர், இடமலையாற்றில் தனிமனிதராக நின்ற எதிர்க்கட்சித் தலைவர், சாந்தன்பாறையில் மறுபடி நீதிமன்றம். 2025 தொடக்கம் வரை உச்ச நீதிமன்றத்தில் சிபிஐயின் மேல்முறையீடு தீர்க்கப்படாமலே இருந்தது.